ஒரு நிமிடத்து மூச்சு

2025 ஜனவரி 6, திங்கட்கிழமை. பெங்களூரில் இரண்டு கைக்குழந்தைகளுக்கு எச்எம்பிவி என்னும் வைரஸ் தொற்று உறுதியாகியிருப்பதாக அறிவிப்பு வந்தது. ஒன்று மூன்று மாதப் பெண் குழந்தை, மற்றது எட்டு மாத ஆண் குழந்தை. பொழுது சாய்வதற்குள் அகமதாபாத், சென்னை, சேலம் என்று ஊர்ப் பெயர்கள் கூடிக்கொண்டே போயின. மும்பைப் பங்குச்சந்தையின் குறியீட்டெண் அன்று ஒரே நாளில் 1,200 புள்ளிகளுக்கு மேல் இறங்கியது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இந்த வைரஸும் ஒன்று. சீன மருத்துவமனைகளில் கூட்டம் நெரிவதாகச் சொன்ன காணொளிகள் சில நாட்களாகவே கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தன. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, இதே குளிர்காலத்தில், இதே திசையிலிருந்து வந்த செய்தியை நம்மில் யாரும் மறந்திருக்கவில்லை. கொரோனாவுக்கு ஆளைப் பறிகொடுத்த வீடுகளில் அந்தத் திங்கட்கிழமை எப்படிக் கழிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் பயத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்த அறிவிப்பில் வேறு சில வரிகளும் இருந்தன. இரு குழந்தைகளும் எந்த வெளிநாட்டுக்கும் போய்வந்தவர்கள் அல்ல. இருவருமே நெஞ்சில் சளி இறங்கி, நுரையீரல் அழற்சியோடு மருத்துவமனைக்கு வந்தவர்கள். சிறியது அதற்குள் வீடு திரும்பிவிட்டது, பெரியது தேறிக்கொண்டிருந்தது. சுவாசத் தொற்றுகளுக்காக எப்போதும் நடக்கும் கண்காணிப்பில் தெரியவந்தவை இவை. இந்த வைரஸ் இந்தியா உட்பட உலகம் முழுவதும் ஏற்கெனவே உலவிக்கொண்டிருப்பது. இவ்வளவையும் சொல்வதற்கு ஒரு தலைப்புச் செய்தியில் இடம் கிடையாது. ‘புதிய வைரஸ்’ என்ற இரண்டு சொற்களுக்குத்தான் இடம் இருந்தது.

அது புதியதா என்று தெரிந்துகொள்ள நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகருக்குப் போக வேண்டும். அங்கே எராஸ்மஸ் பல்கலைக்கழகத்தில் பெர்னடெட் வான் டென் ஹூகன், ரான் ஃபூஷியே, ஆல்பர்ட் ஆஸ்டர்ஹவுஸ் ஆகியோரும் அவர்களுடைய சக ஆய்வாளர்களும் 2001 ஜூன் மாதம் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இருபது ஆண்டுக் காலத்தில், மூச்சுத் தொல்லையோடு வந்த 28 குழந்தைகளின் மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் எடுத்த மாதிரிகளில் ஏதோ ஒன்று இருந்தது. அன்று தெரிந்திருந்த எந்த வைரஸுக்கான சோதனையிலும் அது அகப்படவில்லை. ஆய்வகங்களில் வழக்கமாக வைரஸ் வளர்க்கும் செல்களில் அது சரியாக வளரவும் இல்லை. குரங்கின் சிறுநீரகச் செல்களில் மட்டும், பத்துப் பதினான்கு நாட்கள் காத்திருந்தால், செல்கள் மெல்லச் சிதைவது தெரிந்தது. ஒரு வாரம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று தட்டைக் கழுவி வைத்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது. அதற்கு முன்பு எத்தனை ஆய்வகங்களில் அப்படிக் கழுவி வைத்தார்களோ.

மின்நுண்ணோக்கியில் பார்த்தபோது தட்டம்மை வைரஸின் சாதிக்காரனாகத் தெரிந்தது. மரபணுத் தொடரைப் படித்தபோது அதன் மிக நெருங்கிய சொந்தம் வான்கோழிகளைத் தாக்கும் ஒரு பறவை வைரஸ் என்று தெரிந்தது. அந்தச் சொந்தத்தை ஒட்டித்தான் ‘மனித மெட்டாநிமோவைரஸ்’ என்று பெயர் வைத்தார்கள். சுருக்கினால் எச்எம்பிவி.

அந்தக் கட்டுரையில் என்னைப் பிடித்து நிறுத்துவது வேறொரு பகுதி. பெயர் வைத்த கையோடு, இது எவ்வளவு காலமாக மனிதர்களிடம் இருக்கிறது என்று தேடினார்கள். ஐந்து வயதுக்குள் நெதர்லாந்தின் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளின் ரத்தத்திலும் இதற்கான எதிர்ப்பொருள் இருந்தது. 1958இல் எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்த ரத்தச்சீரங்களையும் எடுத்துச் சோதித்தார்கள். சோதித்த அத்தனையிலும் எதிர்ப்பொருள் இருந்தது. அதாவது, பெயர் வைப்பதற்குக் குறைந்தது நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே அது அங்கே எல்லோரையும் ஒரு முறையேனும் தொட்டுவிட்டிருந்தது. பிறகு வந்த மரபணுக் கணக்குகள் இன்னும் பின்னால் போயின: பறவை வைரஸிலிருந்து இது கிளை பிரிந்து சுமார் 200 ஆண்டுகள் இருக்கலாம்.

நம் நாட்டிலும் கதை அதுதான். 2004ஆம் ஆண்டிலேயே புனே ஆய்வாளர்கள், சுவாசத் தொற்றோடு வந்த குழந்தைகளிடம் இதைக் கண்டு, இந்தியாவில் முதல் முறையாக என்று எழுதிவிட்டார்கள். அதற்கு ஓராண்டு முன்பு, சார்ஸ் பரவியபோது, கனடாவிலும் ஹாங்காங்கிலும் சில நோயாளிகளிடம் எச்எம்பிவி தென்பட்டது. சார்ஸுக்குக் காரணம் இதுவாக இருக்குமோ என்று சில காலம் இதன்மேல் சந்தேகம் இருந்தது. பின்னர் ஒரு கொரோனா வைரஸ்தான் காரணம் என்று தெளிவானதும் எல்லோர் பார்வையும் இதைவிட்டு விலகியது. இப்படி உலகத்தின் கண்ணில் பட்டும் மறைந்தும் வந்த ஒன்றுதான் 2025இல் மறுபடி ‘புதிய’தாகியது.

பெயர் இல்லாத அந்த இருநூறு ஆண்டுகளைப் பற்றித்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவ்வளவு காலமும் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. நெஞ்சுச்சளி என்றார்கள், கபம் கட்டிக்கொண்டது என்றார்கள், இளைப்பு என்றார்கள், மாந்தம் என்றார்கள். உரைகல்லில் சுக்கும் வசம்பும் ஜாதிக்காயும் இழைத்து நாக்கில் தடவினார்கள். பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வாரத்தில் தானாகவே தேறினார்கள். தடவியது கேட்டது என்று வீடு நம்பியது. சில பிள்ளைகள் தேறவில்லை. ஊர் இடுகாட்டின் ஓரத்தில் குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில், என்ன நோய் என்று கேட்கப்படாமலே அவர்கள் போனார்கள். அவர்களில் எத்தனை பேர் இந்த வைரஸால் போனார்கள் என்று இனி எந்த ஆய்வகத்தாலும் சொல்ல முடியாது.

இன்றைய கணக்கைச் சொல்ல முடியும். 2018ஆம் ஆண்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 1 கோடியே 42 லட்சம் பேருக்கு எச்எம்பிவியோடு தொடர்புள்ள கீழ்ச்சுவாசத் தொற்று வந்திருக்கும் என்றும், 6,43,000 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருப்பார்கள் என்றும், 16,100 பேர் இறந்திருப்பார்கள் என்றும் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. மதிப்பீடுதான், அதன் பிழை எல்லை மிக விரிவானது. மருத்துவமனையில் நேர்ந்த இறப்புகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதம்கூட நிரம்பாத சிசுக்கள். அந்தச் சிசுக்களிலும் ஐந்தில் நான்கு பேர் ஏழை நாடுகளையும் நடுத்தரத்துக்குக் கீழான வருமானமுள்ள நாடுகளையும் சேர்ந்தவர்கள்.

2018இல் எந்தப் பங்குச்சந்தையும் இதற்காக இறங்கவில்லை. இதை நான் கோபமாகவே சொல்கிறேன். ஒரு கிருமி பெரியவர்களின் வேலையை, விமானத்தை, வியாபாரத்தை நிறுத்திவிடுமோ என்ற ஐயம் வந்தால் அது அன்றே செய்தி. ஆண்டுதோறும் ஏழை வீட்டுக் கைக்குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போவதாக இருந்தால் அது ஆய்விதழின் அட்டவணையில் தங்கிவிடுகிறது. 2025 ஜனவரியில் நம் கவலை உண்மையில் பெங்களூரின் அந்த இரண்டு குழந்தைகளைப் பற்றியதாக இருந்திருந்தால், அவர்கள் தேறிவிட்டார்கள் என்ற செய்தியோடு அது தணிந்திருக்கும். அப்படித் தணியவில்லை. அடுத்த நாள் உலக சுகாதார நிறுவனம், வடகோளத்தின் குளிர்காலத்தில் வழக்கமாகக் காணும் அளவுதான் இது என்று விளக்கிய பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அடங்கியபோது கைக்குழந்தைகளும் நம் நினைவிலிருந்து போனார்கள்.

இனி அப்படிப்பட்ட ஒரு கைக்குழந்தையின் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம்.

சளி முதலில் மூக்கில்தான் தொடங்குகிறது. நாம் மூக்கடைத்தால் வாயால் மூச்சு விட்டுக்கொள்வோம். முதல் சில மாதங்களில் சிசு பெரிதும் மூக்கையே நம்பி மூச்சு விடுகிறது. பால் குடிக்கும்போது வேறு வழியே இல்லை. மூக்கு அடைத்த பிள்ளை மார்பைப் பற்றும், இரண்டு வாய் இழுக்கும், மூச்சுக்குத் தவித்து விட்டுவிட்டு அழும். பால் குறையும், நீர் வற்றும், சளி இன்னும் இறுகும். தொற்று இறங்கி, நுரையீரலின் கடைசிக் கிளைகளான நுண்குழல்களைத் தொடும்போதுதான் ஆபத்து. அந்தக் குழல்களின் உட்சுவர் வீங்குகிறது. உதிர்ந்த செல்களும் கோழையும் சேர்ந்து வழியை அடைக்கின்றன. குழாயில் காற்றோ நீரோ சீராக ஓடும்போது, ஆரம் பாதியானால் தடை பதினாறு மடங்காகும் என்கிறது இயற்பியல். நம் குழலில் சிறிது வீக்கம் என்றால் இருமலோடு போய்விடும். சிசுவின் குழலில் அதே அளவு வீக்கம் கதவையே சாத்திவிடும்.

அப்போது அந்தச் சின்ன உடல் இரண்டு வழிகளில் போராடுகிறது. முதலாவது, வேகமாக மூச்சு விடுவது. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் காற்று குறைவதால் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்கிறது. இரண்டாவது, முழு பலத்தோடு இழுப்பது. நம் விலா எலும்புகள் கடினமாகவும் சாய்வாகவும் இருக்கின்றன. சிசுவின் விலாக்கள் குருத்தாக, கிட்டத்தட்டப் படுக்கை வாட்டில் இருக்கின்றன. உதரவிதானம் பலமாகக் கீழிறங்கும்போது, காற்று உள்ளே வருவதற்குப் பதிலாக மென்மையான நெஞ்சுச் சுவரே உள்வாங்கிக்கொள்கிறது. விலாவுக்குக் கீழே குழி விழும். “வயிறு தூக்கித் தூக்கிப் போடுதுங்க சிஸ்டர்” என்று தாய்மார்கள் சொல்வது இதைத்தான். அந்த ஒரு வாக்கியத்தில் உடலியங்கியல் பாடம் முழுதும் இருக்கிறது.

அந்த வாக்கியத்தை மருத்துவ அறிவியல் நம்பக் கற்றுக்கொண்ட கதை அவ்வளவாகச் சொல்லப்படாதது. 1980களின் தொடக்கத்தில் உலகில் குழந்தைகளைக் கொன்றவற்றில் நிமோனியா முதல் வரிசையில் இருந்தது. ஊடுகதிர்ப் படமும் ஸ்டெதாஸ்கோப்பும் அவற்றைப் படிக்கத் தெரிந்தவரும் நகரத்தில் இருந்தார்கள். பிள்ளைகள் கிராமத்தில் செத்துக்கொண்டிருந்தார்கள். பப்புவா நியூகினியின் மலைநாட்டில் கோரோக்கா என்னும் ஊரில் வேலைசெய்த ஃபிராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும், இருமலோடு வரும் பிள்ளைகளில் யாருக்கு மருந்து வேண்டும், யாரை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதை ஒரு கிராமப் பணியாளரே தீர்மானிக்க வழி உண்டா என்று தேடினார்கள். நிமிடத்துக்கு 50 முறைக்கு மேல் மூச்சு விட்டால் மருந்து. நெஞ்சு உள்வாங்கினால் மருத்துவமனை. 1984இல் இதை வெளியிட்டார்கள்.

அடுத்த படி நம் மண்ணில் நடந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தாமஸ் செரியன், டி. ஜேக்கப் ஜான், எரிக் சிமோஸ், மார்க் ஸ்டைன்ஹாஃப் முதலியோர் இந்த எளிய அறிகுறிகளை ஒழுங்காகச் சோதித்து 1988இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். ஒரு வயதுக்குட்பட்டவர்களுக்கு நிமிடத்துக்கு 50, ஒன்று முதல் மூன்று வயது வரை 40. இந்த எல்லைகளைத் தாண்டிய மூச்சு, கீழ்ச்சுவாசத் தொற்றை நம்பகமாகக் காட்டிக்கொடுத்தது. நெஞ்சு உள்வாங்குவதும் காட்டிக்கொடுத்தது. ஆனால் நோய் முற்றாத நிலையில் அது தென்படவில்லை, வேகமான மூச்சுதான் முந்திக்கொண்டு சொன்னது. இன்னொன்றையும் அவர்கள் சோதித்தார்கள், அதற்காகவே அவர்களை நான் வணங்குகிறேன். பிள்ளை வேகமாக மூச்சு விட்டதாகப் பெற்றவர்கள் சொன்ன வரலாறும் நம்பகமான அறிகுறிதான் என்று கண்டு எழுதினார்கள். இருமிக்கொண்டு தூங்கிய பிள்ளையை விடிய விடியப் பார்த்துக்கொண்டிருந்தவளின் சொல் லான்செட்டில் சான்றாக ஏறியது வடஆற்காட்டுத் தாய்மார்களால்தான்.

பின்னர் உலக சுகாதார நிறுவனம் உலகம் முழுமைக்கும் வகுத்த அளவுகளிலும் இந்த 50ம் 40ம் இருக்கின்றன. இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60. பிள்ளை அழாமலும் பால் குடிக்காமலும் இருக்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கக் கூடாது. சிசுவின் மூச்சு சீரானதல்ல. கொஞ்ச நேரம் விரைந்து, கொஞ்ச நேரம் நின்று, மறுபடி தொடங்கும். யூனிசெஃப் இதற்கென்றே ஒலியெழுப்பும் சிறு கடிகாரம் ஒன்றைக் கொடுத்தது. நெரிசலான ஒரு புறநோயாளிப் பிரிவில் ஒரு குழந்தைக்கு ஒரு முழு நிமிடத்தை ஒதுக்குவது எவ்வளவு பெரிய கொடை என்று அங்கே வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

இந்த முறைக்கு ஒரு குறையும் உண்டு; அதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. மூச்சை எண்ணினால் நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று தெரியும். கிருமி பாக்டீரியாவா வைரஸா என்று தெரியாது. ஷானின் காலத்தில் பிள்ளைகளைக் கொன்றதில் பெரும்பங்கு பாக்டீரியா நிமோனியாவுக்கு இருந்ததால், வேகமாக மூச்சு விடும் எல்லாப் பிள்ளைக்கும் ஆன்டிபயாடிக் கொடுப்பது உயிர் காத்தது. இன்று நிலைமை மாறியிருக்கிறது. ஹிப் என்னும் பாக்டீரியாவுக்கு எதிரான கூறும் அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கியது. நிமோகாக்கல் தடுப்பூசி 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. பாக்டீரியாக்கள் பின்வாங்கிய இடத்தில் வைரஸ்கள் தெரிய ஆரம்பித்தன. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலுமாக ஏழு நாடுகளில் கடும் நிமோனியாவின் காரணங்களைத் தேடி 2019இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், வைரஸ்களின் பங்கு சுமார் 61 சதவீதம். அதில் பாதி ஆர்எஸ்வி என்னும் ஒரே வைரஸ். எச்எம்பிவி அதற்குப் பின்னால் வரும் வரிசையில் இருந்தது.

ஆகவே எச்எம்பிவி இன்று நம் கண்ணில் படுவதற்கு ஒரு காரணம், முன்னால் நின்று மறைத்தவை விலகியிருப்பதுதான். அது நல்ல செய்தி. ஒரே குச்சியில் சளியெடுத்து இருபது கிருமிகளைத் தேடும் பிசிஆர் சோதனைகள் பெரிய தனியார் மருத்துவமனைகளுக்கு வந்திருப்பது இன்னொரு காரணம். பல ஆயிரம் ரூபாய் ஆகும் அந்தச் சோதனை, தாளில் ஒரு பெயரைக் கொடுக்கும். தேவையில்லாத ஆன்டிபயாடிக்கை நிறுத்த அந்தப் பெயர் உதவினால் மகிழ்ச்சி. பல நேரங்களில் பெயரும் வந்து ஆன்டிபயாடிக்கும் தொடர்வதுதான் நடக்கிறது. பெற்றோருக்குத் தூக்கம் போகிறது, பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு சேர்ந்துகொள்கிறது. எச்எம்பிவி என்று தெரிந்தால் அதற்கென்று கொடுக்க ஒரு மருந்து இல்லை. ஆக்ஸிஜன், போதிய பால் அல்லது நீர், மூக்கைச் சுத்தமாக வைத்திருப்பது, காத்திருப்பது. பெயர் தெரியாதபோதும் இவைதான்.

தடுப்பூசியும் இன்னும் இல்லை. அதற்குப் பின்னால் ஒரு கனமான வரலாறு இருக்கிறது. எச்எம்பிவியின் நெருங்கிய உறவான ஆர்எஸ்விக்கு 1960களின் நடுவில் அமெரிக்காவில் ஒரு தடுப்பூசியைக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். ஃபார்மலினால் செயலிழக்க வைத்த வைரஸ் அது. போலியோவில் வெற்றி கண்ட வழிதான். குளிர்காலம் வந்தது. ஊசி போட்டுக்கொண்டு தொற்றுக்கு ஆளான சிசுக்களில் 80 சதவீதம் பேரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. ஒப்பீட்டுக் குழுவில் 5 சதவீதம். ஊசி போட்டவர்களில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். காப்பதற்காகக் கொடுத்தது நோயைக் கடுமையாக்கிவிட்டது. அதன் காரணம் விளங்கவே பல பத்தாண்டுகள் ஆயின. வைரஸின் மேல் இருக்கும் இணைவுப் புரதத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. செல்லோடு இணைவதற்கு முந்தைய வடிவத்துக்கு எதிரான எதிர்ப்பொருளே வலுவாகக் காக்கிறது. அந்த வடிவத்தை 2013இல் ஜேசன் மெக்லெல்லனும் பார்னி கிரஹாமும் சகாக்களும் துல்லியமாகப் படம்பிடித்தார்கள். பத்து ஆண்டுகளில் ஆர்எஸ்விக்குக் கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசியும், சிசுவுக்கு நேரடியாகப் போடும் நீடித்த எதிர்ப்பொருள் ஊசியும் வந்துவிட்டன. எச்எம்பிவிக்கும் அதே வகைப் புரதம் இருப்பதால் அதே வழியில் முயல்கிறார்கள்.

இந்த நேரத்தில் 2024 டிசம்பரில், பெங்களூர்ச் செய்திக்குச் சில வாரங்கள் முன்பு, ஒரு சிறு செய்தி வந்து போயிற்று. சிசுக்களிடம் நடந்த எம்ஆர்என்ஏ ஆர்எஸ்வி தடுப்பூசிச் சோதனை ஒன்று (எச்எம்பிவியையும் சேர்த்துத் தடுக்கும் ஊசியும் அதில் இருந்தது) நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. ஊசி போட்ட குழுவில் கடுமையான ஆர்எஸ்வி நோய் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தெரிந்ததே காரணம். நிறுத்தியது சரியே. அறுபது ஆண்டுகளுக்கு முன் இறந்த அந்த இரண்டு குழந்தைகளை அறிவியல் மறக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் இதன் விளைவு, எச்எம்பிவி தடுப்பூசிச் சோதனைகளில் முன்னேறிப்போகிறவை முதியோருக்கானவை. முதியோருக்கும் இது ஆபத்தான தொற்றுதான். அவர்களுக்கு முதலில் கிடைப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆறு மாதச் சிசு இன்னும் நெடுங்காலம் காத்திருக்க வேண்டும், அவ்வளவே.

அதுவரை ஆக்ஸிஜன். டாக்காவில் முகமது ஜோபாயர் சிஸ்டி என்ற மருத்துவர், விலையுயர்ந்த சுவாசக் கருவிகளுக்கு மாற்றாக ஒரு காலி ஷாம்பு பாட்டிலைப் பயன்படுத்தினார். குழந்தை வெளிவிடும் மூச்சு ஒரு குழாய் வழியாகப் பாட்டில் நீருக்குள் போய்க் குமிழியிடும். அந்த நீரின் அழுத்தம் நுரையீரலின் சிறு அறைகள் மூடிப்போகாமல் திறந்துவைக்கும். 2015இல் ‘லான்செட்’ இதழில் வெளியான அவருடைய குழுவின் சோதனையில், குறைந்த அளவு ஆக்ஸிஜன் மட்டும் பெற்ற பிள்ளைகளில் 15 சதவீதம் பேரும், குமிழி முறையில் 4 சதவீதம் பேரும் இறந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வைரஸ் என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை.

இந்தச் செய்தி உலகம் முழுவதும் பரவியது. ஷாம்பு பாட்டில் என்றால் எல்லோருக்கும் பிடிக்கும். இதன் தொடர்ச்சி அவ்வளவாகப் பரவவில்லை. மலாவி நாட்டின் ஒரு மாவட்ட மருத்துவமனையில் இதே குமிழி முறையைக் கடும் நிமோனியா கண்ட பிள்ளைகளிடம் சோதித்தார்கள். டாக்காவில் மருத்துவர்களின் நேரடிக் கண்காணிப்பு இருந்தது. மலாவியில் அன்றாடக் கவனிப்பு பெரும்பாலும் மருத்துவரல்லாத பணியாளர்களின் பொறுப்பில் இருந்தது. 2019இல் முடிவு வெளியானபோது, குமிழி முறையில் 17 சதவீதமும் சாதாரண ஆக்ஸிஜனில் 11 சதவீதமும் இறந்திருந்தார்கள். சோதனையை இடையிலேயே நிறுத்தினார்கள். முறை ஒன்றுதான், அதே நீரும் குமிழியும்தான். அருகில் இருந்த ஆட்கள் வேறு. டாக்காவில் பாட்டிலுக்குப் பக்கத்தில் எந்நேரமும் யாரோ நின்று அந்தப் பிள்ளையின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அடுத்த குளிர்காலத்திலோ அதற்கு அடுத்ததிலோ, இன்னொரு நான்கெழுத்துப் பெயர் திரையில் ஓடும். அது எந்த நாட்டிலிருந்து வந்தது, எத்தனை பேருக்கு உறுதியாகியிருக்கிறது, முகக்கவசம் கட்டாயமா என்று நாம் அமைச்சரிடம் கேட்போம். கூடவே இவற்றையும் கேட்க வேண்டும். வட்ட மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்க, சிசுவின் காலில் பொருந்தும் சின்னக் கிளிப் இருக்கிறதா, அல்லது பெரியவர் விரலுக்கான ஆக்ஸிமீட்டரைத்தான் மாட்டிப் பார்க்கிறார்களா? இரவு இரண்டு மணிக்கு ஆக்ஸிஜன் தீர்ந்தால் மாற்றுவது யார்? அந்த வார்டில் அந்த நேரத்தில் ஒரு செவிலியருக்கு எத்தனை பிள்ளைகள், ஒரு பிள்ளையின் மூச்சை ஒரு முழு நிமிடம் நின்று எண்ண அவரால் முடியுமா?